வீரனுக்குச் சோறு வைக்கும்போது

அன்புள்ள செல்விக்கு,

இப்போதெல்லாம் வீடியோ காலில் முகம் காட்டாமல் வெறும் போனில் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நெட் சரியில்லை என்றாய், சரி. உங்கள் நாய் வீரன் ஆள் வந்தால் மேலே பாய்கிறான், தட்டில் வாய் வைக்க வருகிறான் என்று மட்டும் சொன்னாய். மாப்பிள்ளை அவனை மல்லாக்கப் புரட்டிக் கழுத்தை அமுக்குவது பாப்பா சொல்லித்தான் தெரியும். யார் தலைவன் என்று காட்டுகிறாராம்.

ராஜபாளையத்து நாய் அமுக்கினால் அடங்காது அம்மாடி. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்த ஜாதி. பயந்தால் கடிக்கும், அந்த நேரத்தில் மனுஷன் முகம் அதன் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தத் தலைவன் பேச்சே 1947-இல் ஷென்கெல் என்பவர் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் தொடங்கியது. ஒன்றோடொன்று உறவில்லாததுகளை ஒரே வேலிக்குள் விட்டால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல வருஷம் பார்த்துவிட்டு 1999-இல் மாற்றி எழுதினார். காட்டில் கூட்டம் என்றால் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். தலைமைக்கான சண்டை அபூர்வம். இதை மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டு. வேண்டாம், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது பார்த்துச் சொல்.

வீரன் உட்கார்ந்தால்தான் சோற்றுக் கிண்ணம் கீழே வரும், எழுந்தால் மேலே போய்விடும். பாய்ந்தால் முதுகைக் காட்டு. திட்டாதே, தள்ளாதே, அதுவும் அவனுக்கு விளையாட்டுதான். நாலு காலும் தரையில் இருக்கும்போது தடவிக்கொடு. முதலில் சில நாள் இன்னும் அதிகமாகப் பாய்வான், அப்போது இளகினால் போச்சு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு இருக்கவேண்டும். ஒருவர் தட்டிலிருந்து ஊட்டி, இன்னொருவர் அதற்கே உதைத்தால் நாய் என்ன செய்யும்?

உறுமினால் மட்டும் அடிக்கவே கூடாது. விலகி நின்றுகொள், பாப்பாவைக் கிட்ட விடாதே. உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிப்பான். சத்தமில்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

சின்ன வயசிலேயே கரியனைச் சோற்றுக்கு முன்னால் உட்கார வைத்தவள் நீ. தெருவே வந்து பார்த்தது. இப்போது ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாய். அம்மாவிடமாவது சொல்லலாம்.

திட்டாதே, அடிக்க விடாதே, மறுபடி சொல்கிறேன்.

பள்ளி லீவு விட்டதும் பாப்பாவையும் வீரனையும் கூட்டிக்கொண்டு வா. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். லீவு வரை காத்திருக்க வேண்டுமென்றும் இல்லை. கார் அனுப்புகிறேன்.

அப்பா