எங்கள் மகளின் குலப்பெயரைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் மகளைக் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். என் பக்கத்துக்குப் பஞ்சமில்லை. அம்மம்மாவுக்கு ஒரு தொலைபேசி எடுத்ததோடு சரி. பருத்தித்துறையில் தொடங்கி, யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் காணி யாருக்குச் சீதனமாகப் போனது என்பதுவரை சொல்லி முடித்தார். அவளுடைய தகப்பன் பக்கமோ மூன்றாம் தலைமுறையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் காட்டுப் பக்கத்து ஆட்கள் என்பதற்கு மேல் என் மாமி கடைசிவரை வாய் திறக்கவில்லை.

இன்று அந்த மரம் 1686 வரை போகிறது. நாங்களாகக் கண்டுபிடித்தது அதில் மிகக் குறைவு.

மாமி சொன்ன காடு, நோர்வேயின் சூலேர் பகுதிக்கும் சுவீடனின் வெர்ம்லாண்டுக்கும் நடுவே கிடக்கும் ஃபின்ஸ்கூகன். ஃபின்காரரின் காடு என்று பொருள். 1500களின் கடைசியிலிருந்து ஃபின்லாந்தின் சவோ பகுதிக் குடும்பங்கள் சுவீடனுக்கு வந்து, 1600களில் எல்லை தாண்டி இந்த நோர்வேப் பக்கமும் குடியேறின. ஊரார் பயிர் வைக்க நினைக்காத ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுதான் அவர்களுக்கு வயல். மரங்களை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் ரை என்ற தானியத்தை விதைப்பார்கள். சில அறுவடையோடு மண் ஓய்ந்துவிடும். அடுத்த காட்டைத் தேடிப் போவார்கள்.

இடம் மாறினால் பெயரும் மாறும். இருக்கும் பண்ணையின் பெயர்தான் அந்தக் காலத்தில் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தகப்பன் பெயர் வேறு: ஆண்டர்ஸின் மகன் பேடர் ஆண்டர்சன், அவருடைய மகன் ஊலே பேடர்சன். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. ஒரே திருச்சபையில் நாலைந்து பேடர் ஆண்டர்சன்கள் இருந்தார்கள். ஒரு முழு மாரிகாலம் நான் தவறான பேடரின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து என்னைத் திருப்பி எடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். தேசிய ஆவணக் காப்பகம் தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. அந்தப் பெரிய உபகாரத்துக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எழுத்து பழைய கொதிக் எழுத்து. 'e'யும் 'n'உம் கிட்டத்தட்ட ஒரே கோடு. ஆசிரியை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. கையில் பேனையைத் தந்து, முதலில் எழுதிப் பழகு, பிறகு கண் தானாகப் பிடிக்கும் என்றார். மூன்று வாரம் ஏடு தொடக்கிய பிள்ளை மாதிரி எழுதினேன். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரை மட்டும் பார்க்காமல் ஞானப்பெற்றோரையும் பார் என்று சொன்னதும் அவர்தான். எங்கள் பேடரின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே குடிசையைச் சேர்ந்த ஒரே பெண் ஞானத்தாய். அவளைப் பிடித்துத்தான் சரியான பேடரிடம் வந்து சேர்ந்தோம். ஆசிரியை அவர்களே, அந்த இரவு நான் அழுததை உங்களிடம் சொல்லவில்லை.

அந்தக் காட்டிலுள்ள ஸ்வுல்ரியா ஊர் அருங்காட்சியகத்தில் உதவியவருக்கு எப்படி நன்றி சொல்வது! 1821இல் கார்ல் அக்செல் கொட்லுண்ட் என்ற ஃபின்லாந்து மாணவர் இந்தக் காடு முழுக்க நடந்து திரிந்து, மக்களின் பேச்சையும் குலப்பெயர்களையும் எழுதிவைத்தார். பாதிரியாரின் ஏட்டில் வெறும் பேடர் ஆண்டர்சனாக இருந்தவர், வீட்டுக்குள் தன் மொழியில் ஹக்கரைனன். அருங்காட்சியகத்தில் உதவியவர் அந்தப் பெயரைச் சுட்டிக்காட்டி, அங்கிருந்து 1686இல் அரசு ஃபின்காரரை மட்டும் தனியாக எண்ணிய பட்டியல்வரை பொறுமையாக எங்களைக் கூட்டிப் போனார். பிறகு புகைவீட்டைத் திறந்துவிட்டார். பெரிய கல் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை மேலே தங்கிக் கூரைத் துவாரத்தால் போகும். சுவரில் ஒரு கோடு. அதற்கு மேலே மரம் கன்னங்கரேல், கீழே வெளிறிய மரம். மகள் நிமிர்ந்து நின்றால் தலை கோட்டுக்குக் கீழேதான். விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கரியை நெடுநேரம் துடைக்காமலே நின்றாள்.

கொங்ஸ்விங்கரில் எங்களுக்குப் பாய் விரித்து, புட்டு அவித்து, உறைபனியில் மூன்று தரம் காரோட்டி வந்த அண்ணாவுக்கும் அண்ணிக்கும் நன்றி. உங்களுக்கு இந்தத் தேடலில் ஒரு சொந்தமும் இல்லை.

மச்சாளுக்கும் நன்றி. மாமியின் பெட்டியைத் திறக்க அவருக்கு மனமே வரவில்லை. சிறு வயதில் 'ஃபின்' என்று ஏசப்பட்டதை மாமி தன் மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். 1999இலிருந்து காட்டு ஃபின்கள் எனப்படும் இந்த மக்கள் நோர்வேயின் தேசியச் சிறுபான்மையினர். மாமி அதைப் பற்றியும் பேசவில்லை. பெட்டியில் பேர்ச் மரப்பட்டையால் முடைந்த ஒரு சிறு கூடை இருந்தது. இப்போது அது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

கடைசியாக, தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பெரியவருக்கு. நீங்கள் தந்த கைப்பிடி ரையை, சொன்னபடியே ஜூன் கடைசியில் தோட்ட மூலையில் விதைத்தோம். முதல் வருடம் புல் மாதிரித்தான் படரும், பொறுத்திருங்கள் என்றீர்கள். படர்ந்தது. இப்போது பனிக்குக் கீழே கிடக்கிறது. அடுத்த கோடையில் கதிர் வந்ததும் முதல் கதிர்க்கட்டை மகளே உங்கள் வாசலுக்குக் கொண்டுவருவாள்.