வாக்கர் என்ற பெயர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பஞ்சாங்கம் படிக்கிறாள். பெரியவன் பிராசசிங் யூனிட்டிலேயேதான் இருக்கிறான், ஆர்டர் சுமார், ஆனாலும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நீ இங்கிலாந்தில் லீட்ஸில் பேத்தியைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறாய் என்று படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வாக்கர், எதிர்வீட்டுக்காரரும் வாக்கர், இருவரும் சொந்தமும் இல்லை, ஊரெல்லாம் வாக்கராக இருக்கிறதே, இவர்கள் முன்னோர்கள் நடந்தே பிழைத்தவர்களா என்று எழுதியிருந்தாய். நடந்து பிழைத்தவர்கள்தான். ஆனால் ரோட்டில் இல்லை, துணியின் மேல். அதுவும் நீயும் நானும் படித்த படிப்புக்குள் வருகிற தொழில். நமக்கு எல்லாமே பருத்தி என்பதால் கம்பளித் துணியை மிதித்தோ அடித்தோ கெட்டியாக்குகிற மில்லிங், ஃபுல்லிங் எல்லாவற்றையும் ஒரு வகுப்பில் முடித்துவிட்டார்கள், பரீட்சையிலும் கேட்கவில்லை, அதனால் மறந்துபோனோம்.

கம்பளி தறியிலிருந்து இறங்கும்போது சல்லடை மாதிரி இருக்கும், ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பசையும் போயிருக்காது. அதை ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீரோடு நாள்பட்ட சிறுநீரையும் ஊற்றி, ஆட்கள் இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீர் பழசாகப் பழசாக அதில் அமோனியா உண்டாகும், அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். யார்க்‌ஷயரில் அதற்கு லான்ட் என்றே ஒரு பெயர் உண்டு, வீடு வீடாகச் சேகரித்து வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் ஒருவகைக் களிமண்ணையும் போட்டு எண்ணெயை எடுப்பார்கள். மிதிக்க மிதிக்க நூலிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி சுருங்கி, கெட்டியாகி, காற்றும் மழையும் புகாத கம்பளியாகும். கடைசியில் டென்டர் என்ற மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்து வெயிலில் காயப்போடுவார்கள், நம் ஸ்டென்டர் மெஷின் செய்கிற வேலைதான் அது.

இப்படித் துணியை மிதித்தவனுக்குத்தான் இங்கிலாந்தின் வடக்கிலும் மிட்லண்ட்ஸ் பக்கமும் வாக்கர் என்று பெயர். தென்கிழக்கில் அதே ஆளை ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர் என்றார்கள். மூன்றும் ஒரே தொழில்! எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள், அதிலும் டக்கர்கள் டெவனைச் சுற்றியும் வாக்கர்கள் வடக்கிலும்தான் குவிந்திருக்கிறார்கள். ரயில் வந்து, ஃபேக்டரி வந்து, ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போன பிறகும், எந்த ஊரில் அந்த ஆளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது அழியவில்லை. எக்ஸிட்டர் நகரத்தில் இந்தத் தொழிலாளர் சங்கம் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. வேல்ஸில் துணி மிதிக்கும் ஆலைக்குப் பாண்டி என்று பெயர், 1910இல் சுரங்கத் தொழிலாளர்கள் கலவரம் நடந்த டோனிபாண்டி ஊரின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. ஃபுல்லர்ஸ் எர்த் என்ற பெயரை நீ கட்டாயம் பார்த்திருப்பாய், நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசுகிற முல்தானி மட்டி பாக்கெட்டில் ஆங்கிலத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். மேலே சொன்ன களிமண் அதுவேதான்.

ஒன்று கவனி. இங்கிலாந்தில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் 1066இல் பிரான்ஸ் பக்கத்திலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகுதான் மெல்ல மெல்லப் பரவியது. சாதாரண ஜனங்களிடம் அது அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிற பெயராக நிலைக்க 1400 வரை ஆகிவிட்டது. ஒரு ஊரில் ஏழெட்டு ஜான் இருந்தால் வரி வசூலிக்கிறவன் எந்த ஜான் என்று எழுதியாக வேண்டுமே, அதனால் கொல்லன் ஜான், தையல்காரன் ஜான், துணி மிதிக்கிற ஜான் என்று எழுதினான். 1379இல் உங்கள் பக்கத்தில் தலைவரி வசூலித்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் வாக்கர்கள் வருகிறார்கள். ஆனால் அதற்கு ரொம்ப முன்பே ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றி மரச் சம்மட்டிகளால் துணியை அடிக்கும் ஆலைகள் வந்துவிட்டன, 1185இலேயே அதற்குப் பதிவு இருக்கிறது. ஆகவே வாக்கர் என்று முதன்முதலில் பெயர் எழுதப்பட்டவர்களில் பலர் காலால் மிதித்தவர்களாகவே இருந்திருக்க மாட்டார்கள், சம்மட்டி ஆலையைப் பார்த்துக்கொண்டவர்களாக இருந்திருப்பார்கள். வேலை மாறியது, பெயர் மாறவில்லை.

எல்லா வாக்கரும் துணி மிதித்தவர் வம்சம் என்றும் சொல்லிவிட முடியாது. நியூகாசிலில் வாக்கர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பதால் வந்த பெயர், அந்த ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டவர்களும் சிலர் இருக்கலாம்.

ஆலைகள் வந்ததும் கையால் செய்கிற முறை உடனே ஒழிந்துவிடவும் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளியைத் தட்டித் தட்டிச் சுற்றுக்கு விட்டு, ஒருத்தி பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடி இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். நம் நடவுப்பாட்டு மாதிரிதான், கையின் தாளத்துக்குத்தான் பாட்டு ஓடும். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, கேட்டுப் பார்.

அதே ஸ்காட்லாந்தில் கில்மார்னக் ஊரில் 1820இல் மளிகைக் கடை வைத்தவர்தான் ஜான் வாக்கர், பாட்டிலில் இருக்கும் ஜானி வாக்கர். கம்பு ஊன்றி வீறுநடை போடும் அந்த மனிதரை டாம் பிரவுன் என்ற ஓவியர் 1908இல் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து உலகத்துக்கே வாக்கர் என்றால் நடப்பவர் என்று பதிந்துவிட்டது. அழகான படம்தான், ஆனால் தொட்டிக்குள் நின்று மிதித்தவனை அது மறைத்துவிட்டது என்று எனக்கு வருத்தம்.

அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கர்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்தபோது கிடைத்த, அல்லது தாங்களே தேர்ந்துகொண்ட பெயர்களோடு புதுவாழ்வு தொடங்கியவர்களின் வழிவந்தவர்கள் நிறையப் பேர். மேடம் சி. ஜே. வாக்கரைப் பற்றிப் படித்திருக்கிறாயா? லூசியானாவில் 1867இல் பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர், பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். செயின்ட் லூயிஸில் ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தார், பிறகு கூந்தல் தைலம் தயாரித்து விற்றுப் பெரும் தொழிலதிபர் ஆனார். வாக்கர் என்பது கணவர் வழியில் வந்த பெயர். 1912இல் சிகாகோவில் கறுப்பின வணிகர்கள் மாநாட்டில் எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்து வெளுப்புத் தொட்டிக்கு வந்தவள் நான் என்று தலை நிமிர்ந்து சொன்னார். தொட்டியில் துணி மிதித்தவனின் பெயர், அத்தனை நூற்றாண்டு கழித்து, கடல் தாண்டி, துணி வெளுத்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சாதாரணப் பெயர் என்று நினைத்தாயே, மூத்திரத் தண்ணீரில் நின்று குளிருக்கு ஊரையே போர்த்தியவர்களின் பெயர் முருகேசா அது. உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல், தெரியாமலிருந்தால் நிச்சயம் மகிழ்வார்.

இன்னொன்று, லங்காஷயரில் ஹெல்ம்ஷோர் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கட்டிய ஆலையை மியூசியமாக வைத்திருக்கிறார்கள், தண்ணீர்ச் சக்கரமும் துணி அடிக்கும் மரச் சம்மட்டிகளும் அப்படியே இருக்கின்றன. லீட்ஸிலிருந்து கார் எடுத்தால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். திறந்திருக்கும் நாள் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு பேத்தியையும் கூட்டிப் போ. சம்மட்டியும் தொட்டியும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பக்கவாட்டிலிருந்து நாலு போட்டோ எடுத்து அனுப்பு, பெரியவனுக்கும் காட்ட வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் வருவாயா இல்லையா, அதை எழுதவே இல்லையே. வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
தங்கவேல்