‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

நெல்லைச் சீமையின் நரம்பு டாக்டர்மாருக்கு, முக்கூடலில் இருந்து ஒரு பீடித் தொழிலாளியின் வணக்கம்.

18 வயதில் சுளகை மடியில் வைத்தவள் நான். இலை வெட்டுவது, தூள் வைத்துச் சுற்றுவது, நூல் கட்டுவது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், நூல் கட்டப்போன வலது கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. விரலில் உணர்ச்சி இருக்கிறது, சொன்னதை மட்டும் கேட்கவில்லை. பிறகு வலது காலும் இழுக்க ஆரம்பித்தது. ராத்திரியானால் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும்.

எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கிற சோதனை எல்லாம் எடுத்தாச்சு. பி12 கொஞ்சம் குறைவு. ஊசி போட்டு அதுவும் ஏறிவிட்டது. மற்றதெல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டே, “ஒண்ணுமில்லம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றார். வெளியே வந்ததும் என் அத்தை கேட்டார்கள்: “ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவல்லா, பெறகு என்னத்துக்குக் காலை இழுத்துக்கிட்டு நடக்க?” அன்றிலிருந்து வீட்டில் நான் நடிக்கிறவள்.

போன வருஷம் வேறொரு இளம் டாக்டர் என்னைப் படுக்கவைத்து, வலது குதிங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முடியவில்லை. இடது காலைத் தூக்கச் சொல்லி, அதை மேலிருந்து அமுக்கினார். அப்போது வலது குதிங்கால் தானாகவே அவர் கையைப் பலமாக அழுத்தியது. “பாத்தீங்களா, காலுக்குப் பலம் இருக்கு. மூளை அதை ஏவுற விதம்தான் தடுமாறுது. நீங்க நடிக்கல” என்றார். ஹூவர் என்ற டாக்டர் 1908-லேயே எழுதிவைத்த சோதனையாம். மெஷின் வேண்டாம், ஒரு கட்டில் போதும். அது என்னிடம் வந்து சேர இரண்டு வருஷம் ஆனது.

‘ஃபங்ஷனல்’ நரம்புக் கோளாறு என்று பேர் சொன்னார். எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டும், அது வேலை செய்வதில் வரும் இந்தத் தடுமாற்றம் அதில் தெரியாது என்றார். பிசியோதெரபியில் பின்பக்கமாக நடக்கச் சொன்னார்கள். கால் இழுக்கவே இல்லை! வீட்டு முற்றத்தில் அப்படியே நடந்து பார்த்து அழுதேன்.

பாத எரிச்சலுக்கு இன்னும் விடை இல்லை. கரண்ட் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்குமாம். சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் அகப்படாதாம். “இது எதனாலன்னு எனக்கு இன்னும் தெரியலம்மா” என்றும் அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஓ.பி.யில் உங்களுக்கு எவ்வளவு கூட்டம் என்று தெரியும், நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ஆனாலும் கேட்கிறேன். ரிப்போர்ட் நார்மல் என்றால் என்னென்ன நோய் இல்லை என்று சொல்லுங்கள். மனநல டாக்டரிடம் அனுப்பினால் அங்கேயும் போகிறேன். கைகழுவுவதற்காக மட்டும் அனுப்பாதீர்கள், உங்களிடம் மறுபடி எப்போது வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். கூட வந்தவர்களிடம் ‘இவள் நடிக்கவில்லை’ என்று உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பாதவர்கள் நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

அடுத்த தடவை அத்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.