ஒரு துண்டுத்தாளுக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று இரவு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் செய்தி வந்திருக்கும், என் அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ரயிலில் தொலைந்துபோன பையைப் பற்றியும் அதற்குள் இருந்த ஆய்வு வரைவுகள், படங்கள் பற்றியும் இனி ஒரு வரி எழுத மாட்டேன். போனது போய்விட்டது. படுக்கப் போகும் முன் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு.

கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் கேர்ட் நூலகத்துக்கு நான் திரும்பவும் போனபோது கையில் எதுவுமே இல்லை. ஆஸ்டின் குடும்பத்துத் தாள்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். ஜேன் ஆஸ்டினை நாவலாசிரியையாக எல்லோருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் பிரான்சிஸும் தம்பி சார்லஸும் பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் நிலைக்கு உயர்ந்தவர்கள். அடுத்த தலைமுறையும் கடலுக்கே போனது. எனக்கு வேண்டியவை சார்லஸின் நாட்குறிப்புகள். நாள்கள் குறைவு, கையெழுத்தோ இலேசில் பிடிகொடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு முதியவர், முன்னால் ஏதோ ஒரு கப்பலின் பதிவேடு. நான் ஒரே வரியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல. எழுந்து வந்து, "எந்த எழுத்து பிடிபடவில்லை?" என்று மெல்லக் கேட்டார். காட்டினேன். "அது எஃப் இல்லை, எஸ்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டுத்தாள் என் மேசைக்கு வந்தது. அந்த வாசிப்பறையில் பேனா கூடாது, அதனால் எல்லாம் பென்சிலில். இடப்பக்கம் அந்தக் காலத்துக் கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் எப்படி வளையும் என்று வரைந்திருந்தார், வலப்பக்கம் இன்றைய வடிவம். இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதலாவது நீண்டு எஃப் மாதிரி நிற்கும் என்பதற்கு 'மிஸ்' என்ற சொல்லையே எழுதிக் காட்டியிருந்தார். கீழே சுருக்கங்கள். 'ரிசீவ்ட்' என்பதற்கு முதல் மூன்று எழுத்தை எழுதி, கடைசி டி-யை மட்டும் சின்னதாக மேலே தூக்கி வைப்பார்களாம். ஓரத்தில் காற்றின் திசைகளுக்கென்று குட்டியாக ஒரு திசைகாட்டி. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெரிய எழுத்துகள் விட்டுப்போய்விட்டனவாம். பின்பக்கம் முழுக்க அவற்றையும் எழுதிக் கொடுத்தார். என் கதை எதுவும் அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மறுநாள் நன்றி சொல்லத் தேடினேன், அவர் வரவில்லை. ஐயா, இதை உங்களால் வாசிக்க முடியாது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அந்தத் தாளால்தான் வாசிப்பு வேகம் பிடித்தது. அதைவிட, முதல் தடவை வெறுமனே படமெடுத்துக்கொண்டு போன பக்கங்களை இந்தத் தடவை வரி வரியாக வாசித்தேன். சார்லஸின் மனைவி ஃபேனி 1814-இல், 24 வயதில், பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். குடும்பமாக அவர்கள் குடியிருந்த நேமூர் என்ற கப்பலிலேயே அது நடந்தது. 1816-இல் சார்லஸின் ஃபீனிக்ஸ் கப்பல் ஸ்மிர்னா பக்கத்தில் கரைதட்டி உடைந்தது. இராணுவ விசாரணையில் அவர் மேல் குற்றமில்லை என்று விட்டார்கள். ஆனாலும் அந்த வருடங்களில் காற்று, வானிலை, வந்த கடிதம் என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நடுவில் திடீரென்று, மனைவி கனவில் வந்ததாக ஒரு குறிப்பு. எல்லாம் போய்விட்டது என்று நான் புலம்பிக்கொண்டிருந்த நாள்களில் அதை வாசித்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்தத் தாள்கள் நம் கைக்கு வந்திருப்பதே அதிர்ஷ்டம். பிரான்சிஸ் 91 வயதுவரை இருந்து 1865-இல் இறந்தார். தங்கை ஜேன் எழுதிய கடிதங்களை அத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தார். அவர் போனதும் கடைசி மகள் யாரையும் கேட்காமல் அவற்றை அழித்துவிட்டார். அவருக்கு என்ன காரணமோ, எனக்கு இன்னும் ஆறவில்லை. தம்பி சார்லஸின் நாட்குறிப்புகளோ இறப்பதற்கு முந்தைய நாள்வரை வந்து நிற்கின்றன. 1852 அக்டோபர் 7-இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில், போர் நடந்துகொண்டிருக்கும்போது, காலராவில் போனார். புதைத்தது எங்கள் திருகோணமலையில்.

அதனால் அடுத்த நன்றி மச்சானுக்கு. வெயிலென்றும் பாராமல் எஸ்பிளனேட் கல்லறைக்குப் போய், புல்லை விலக்கி, கல்வெட்டை எழுத்து தெரிகிற மாதிரிப் படமெடுத்து அனுப்பினான். பழைய மின்னஞ்சல்களைக் கிளறி என் வரைவுகளை மீட்டுத் தந்த நண்பர்கள், காசு சேர்த்து ஹார்ட் டிஸ்க் வாங்கித் தந்தவர்கள், காலக்கெடுவைத் தள்ளிவைத்த பேராசிரியை, ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காத நூலக ஊழியர்கள், இரவில் புட்டும் மீன்குழம்பும் மேசையில் மூடி வைத்த ஈஸ்ட் ஹாம் அன்ரி, எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, உன் லப்டொப் சனிக்கிழமை வந்துவிடும், விசைப்பலகையைத் துடைத்துத்தான் தருவேன்.

அந்தத் துண்டுத்தாளை நகலெடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் காலத்துக் கையெழுத்தோடு போராடுகிற யாராவது இருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன். நான் எழுதியெடுத்த நாட்குறிப்புப் பகுதிகளும் இனி ஒரே பையில் இருக்காது. ஒரு பிரதி அக்காவிடம், ஒன்று மச்சானிடம். அக்கா, அதைத் தயவுசெய்து உருளைக்கிழங்குக் கூடைக்கு மேலே வைக்காதே.