அப்பாவோட ரத்தக்குழாயைப் பொறுமையா திறந்துவிட்டவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, நல்லா இருக்காரு, மாடிப்படி ஏறும்போது பாதியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது இப்ப இல்ல. விசாரிச்ச ஒவ்வொருத்தருக்கும் தனியா போன் பண்ண முடியல, அதான் இந்த மடல். இன்னொரு காரணமும் இருக்கு, கேக்குறவங்ககிட்ட எல்லாம் "இருதய ரத்தக்குழாய் அடைப்பை மருந்து தடவுன பலூன் வச்சு சரி பண்ணிட்டாங்க"ன்னு சொல்லி முடிச்சிடுறோம், ஆனா அந்த மருந்து பலூன் உள்ள விரிஞ்சு நின்னது ஒரே ஒரு நிமிஷம்தான், அதுக்கு முன்னாடி அந்தக் குழாயைத் தயார் பண்றதுக்கு எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டாங்கன்றதை யாருமே பேசுறதில்ல, எனக்கு அது மனசு ஆறல.

முதல்ல இருதய ஆபரேஷன் டாக்டர் சாருக்கு. ஆஞ்சியோ படம் இருந்த சிடியைப் பார்த்துட்டு, எல்ஏடி, அதாவது இருதயத்துக்கு முன்பக்கமா ரத்தம் கொண்டு போற முக்கியமான குழாய்ல நீளத்துக்கு கால்சியம் படிஞ்சிருக்கு, கீழ போகப்போக ரொம்ப மெலிசாயிடுது, பைபாஸ் பண்ணா ஒட்டுப் போட நல்ல இடமே கிடைக்காதுன்னு எங்ககிட்ட நேரா சொன்னீங்க. சொன்னதோட விடாம நீங்களே கார்டியாலஜி மேடத்துக்கு போன் போட்டுப் பேசி எங்களை அனுப்புனீங்க பாருங்க, அதை மறக்கவே மாட்டோம் சார்.

மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், கிட்னி கோளாறைக் காட்டுற கிரியாட்டினின் வேற கூட, போதாக்குறைக்கு ஒருதடவை அல்சர்ல ரத்தம் போய் ரத்தம் ஏத்துனவரு. ஸ்டென்ட், அதாவது குழாய்க்குள்ளயே நிரந்தரமா நிக்கிற கம்பி வலை, வச்சா ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சேர்த்து பொதுவா ஆறு மாசமாவது போடணும், பலூன் மட்டும்னா அவரை மாதிரி ஸ்டேபிளா இருக்கிறவருக்கு ஒரு மாசம் போதும், அதுக்கப்புறம் ஒரு மாத்திரை தான்னு பொறுமையா உக்காந்து சொன்னீங்க. அதே மூச்சுல, இது எல்லாருக்கும் ஒத்துவராது, பெரிய குழாய்ல இன்னைக்கும் ஸ்டென்ட்தான் நல்லது, உள்ள குழாய் பெருசா கிழிஞ்சா அப்பாவுக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும்னும் மறைக்காம சொன்னீங்க. அம்மாவுக்கு தைரியம் வந்ததே அப்பதான்.

பலூன்ல இருக்கிறது பேக்ளிடாக்செல், கேன்சருக்குக் குடுக்குற அதே மருந்து, குழாய் சுவர்ல போய் ஒட்டி தழும்பு வளர்ந்து மறுபடி அடைக்காம பாத்துக்கும். ஆனா கால்சியம் கெட்டியா இருக்கிற இடத்துல மருந்து சுவருக்குள்ள சரியா இறங்காது, பலூனும் விரியாது. அதனால கால்சியத்தை உடைக்கிறதுதான் பாதி வைத்தியம்னு மேடம் சொன்னாங்க, நான் கேட்டா பாதி இல்ல முக்கால்வாசின்னு சொல்வேன்.

கேத் லேப்ல, அதான் குழாய் வழியா இந்த வைத்தியம் பண்ற ரூம்ல, இருந்த டெக்னீசியன் அண்ணன், உங்களுக்குத்தான் இந்த மடல்ல பெரிய பங்கு. கிட்னிக்காக சாய மருந்தைக் குறைக்கணும்னு ஐவஸ்ல, அதாவது குழாய்க்குள்ளயே போற அல்ட்ராசவுண்ட்ல, இஞ்ச் இஞ்சா பாத்து கால்சியம் கிட்டத்தட்ட முழு வட்டமா சுத்தியிருக்குன்னு கண்டுபிடிச்சீங்க. அப்புறம் ரோட்டா, அதாவது கால்சியத்தை அரைச்சு எடுக்குற மெஷின், அதுல வைரத்தூள் பதிச்ச ஒன்றரை மில்லிமீட்டர் பர்ன்ற குட்டி முனை, நிமிஷத்துக்கு 1,60,000 சுத்து, மேடம் கொஞ்சம் கொஞ்சமா முன்ன தள்ளி இழுக்க நீங்க மெஷின் பக்கத்துல நின்னு வேகம் குறையுதான்னு பாத்து சத்தமா சொல்லிக்கிட்டே இருந்தீங்களாம். அப்பா முழிச்சுதான் இருந்தாரு, பல் டாக்டர்கிட்ட கேக்குற மாதிரி ஒரு சத்தம்னு சொன்னாரு, சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு "இதோ முடிஞ்சிடும்பா"ன்னு பேசிட்டே இருந்ததுல பயமே தெரியலையாம். அந்த சிஸ்டர் நல்லா இருக்கணும்.

ரோட்டா முடிஞ்சும் அழுத்தம் குடுத்து விரிக்கிற சாதா பலூன் முழுசா விரியாம நடுவுல இடுப்பு மாதிரி பிடிச்சு நின்னுடுச்சாம். அங்கயே விட்டுடாம லித்தோட்ரிப்சி பலூன் எடுத்தாங்க, கிட்னி கல்லை உடைக்கிற அதே அதிர்வலைதான், பலூனை நாலு அட்மாஸ்பியர் அழுத்தத்துல மெதுவா விரிச்சு வச்சுக்கிட்டு அதுக்குள்ளருந்து அலையை விடுவாங்க. மறுபடி ஐவஸ்ல பாத்தா கால்சியத்துல விரிசல் தெரிஞ்சிருக்கு, அடைப்பு 30 சதவீதத்துக்குக் கீழ வந்து, ரத்த ஓட்டம் தங்குதடையில்லாம போகுதுன்னு உறுதி பண்ணிட்டுத்தான் மருந்து பலூனையே பாக்கெட்ல இருந்து பிரிச்சாங்க. அந்த பலூனைக் கையால தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, ரத்தத்துல ரொம்ப நேரம் கிடந்தா மருந்து கரைஞ்சு போயிடும், சீக்கிரமா எடத்துக்குப் போயாகணும். வழி சரியா திறந்து வச்சிருந்ததாலதான் எங்கயும் சிக்காம நேரா போச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னாடி உங்க எல்லாரோட கையும் இருக்கு அண்ணே.

நெப்ராலஜி டாக்டர், அதான் கிட்னி டாக்டர், முன்னாடி நாள்ல இருந்தே டிரிப்ஸ், மாத்திரை எல்லாம் அளந்து பாத்துக்கிட்டீங்க, கிரியாட்டினின் ஏறவே இல்ல. காப்பீடு கவுன்டர்ல இருந்த தம்பி, எது திட்டத்துல வரும் எது நம்ம கையில இருந்து கட்டணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தே, அந்த லித்தோட்ரிப்சி பலூனுக்கு மீதிப் பணத்தைப் புரட்ட அன்னைக்கு ராத்திரியே ஓடிவந்த சித்தப்பா, மாமா, அப்பாவோட டிப்போ நண்பர்கள், யாரையும் பேர் சொல்லி எழுதல, ஆனா எல்லாரும் மனசுல இருக்கீங்க.

நேர்ல பாக்காதவங்களுக்கும் நன்றி சொல்லத் தோணுது. சூரிச்ல வீட்டு சமையலறை மேஜையில பலூன் செஞ்சு பழகி 1977ல முதல் தடவையா மனுஷ இருதயத்துல பண்ண ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக், அவர்கிட்ட கத்துக்கிட்டு வந்து 1986ல இந்தியாவுல இந்த வைத்தியத்தை ஆரம்பிச்ச நம்ம சென்னை டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், பலூன்ல மருந்து தடவலாம்னு ஜெர்மனியில யோசிச்சு 2006ல மனுஷங்ககிட்ட நிரூபிச்ச ஷெல்லர், ஸ்பெக் குழுவினர். இவங்க யாருக்கும் எங்க அப்பாவைத் தெரியாது, ஆனா எங்க வீட்டு சாமி ரூம்ல இவங்களுக்கும் சேர்த்துத்தான் விளக்கு ஏத்துறோம்.

சுகரும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் இனி ஆயுசுக்கும் விடக்கூடாதுன்னு மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க, நாங்க பாத்துக்குறோம். வைகாசியில தங்கச்சி கல்யாணம், அப்பாவே பத்திரிகை எடுத்துக்கிட்டு கேத் லேப்புக்கு வருவாரு, டியூட்டி மாத்திப் போட்டாவது எல்லாரும் வரணும்.

நன்றியோட,
உங்க நோயாளியோட மூத்த மகன்