வெள்ளியங்கிரி போய் வந்தேன்

அன்பு நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு நேரமின்மை காரணமில்லை. வெள்ளியங்கிரியில் நடந்ததை மறைத்துவிட்டு உனக்கு வேறு எதையும் எழுத என்னால் முடியவில்லை. அதை எழுதுவதற்கோ இன்றுதான் துணிவு வந்தது.

மூவரும் சேர்ந்து போவதாக இருபது வருடங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த முறையும் உனக்கு விடுப்பு கிடைக்காததால், சிவராத்திரிக் கூட்டம் வடிந்த பிறகு நானும் நம் பட்டாளத்தானும் மட்டும் கோவைப் பக்கம், வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளுக்கு அடிவாரமான பூண்டிக்குப் போனோம். வனத்துறையின் பை சோதனை முடிந்ததும் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவிலேயே ஏறத் தொடங்கினோம். நீ திருப்பதி மலைக்குப் போகும் அலிபிரியின் 3,550 படிகளை உட்காராமல் ஏறியதை இன்றும் சொல்லிக்காட்டுவாய். ஒப்புக்கொள்கிறேன், பெரிய காரியம்தான். ஆனால் அங்கே கூரையும் விளக்கும் வழிநெடுகத் துணைக்கு வரும். இங்கே முதல் மலையிலேயே முழங்கால் உயரக் கற்படிகள், அதுவும் ஒன்று போல் இன்னொன்று இல்லாமல், வெள்ளை விநாயகர் கோயில் வரை மூச்சுவிட இடம் தராமல் ஏறிக்கொண்டே போகின்றன. பட்டாளத்தான் அதை அநாயாசமாகக் கடந்தான். வழுக்குப்பாறையில் எனக்குத்தான் அவன் கைகொடுத்தான். கைதட்டிச் சுனையில் தண்ணீர் குடிக்கும்போது குடைக்கதையை மறுபடியும் ஆரம்பித்து, பின்னால் வந்தவர்களையும் சிரிக்க வைத்தான்.

ஐந்தாவது மலையில் ஏற்றம் தணிந்தது, காற்று கடுமையானது. அங்கேதான் அவன் நின்றான். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது என்றான். இடது தோள் கனக்கிறது என்றும் சொன்னான். ஒரு பாறை மறைவில் உட்கார வைத்துப் போர்வையைச் சுற்றிவிட்டேன்; கால்மணி நேரத்தில் வலி விட்டுவிட்டது. “எனக்கு ஒன்றுமில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு நீ பார்க்காமல் திரும்பாதே” என்றான். சேலத்திலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்கள் தாங்கள் உடன் இருப்பதாகச் சொன்னார்கள். நான் போனேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டிச் சுனையில் இறங்கி, ஏழாவது மலையின் செங்குத்தான ஏற்றத்தில் தடியை ஊன்றி ஊன்றி ஏறி, விடியும் நேரத்தில் அந்தப் பெரும்பாறைகளுக்கு அடியில் சுயம்புவாக இருக்கும் லிங்கத்தின் முன் நின்றேன். தென்கயிலாயம் என்று காலம்காலமாகச் சொல்லிவரும் இடம். கீழே மேகம், அதற்கு மேலே நாங்கள். நண்பா, எனக்கு ஒரு பதிகம்கூட நினைவுக்கு வரவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற ஒரே வேண்டுதலைச் சொல்லிவிட்டு, சூரியன் முழுவதும் எழும் முன்பே இறங்கிவிட்டேன்.

அவன் அதே பாறையடியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் திருநீறு கேட்டான். ஒவ்வொரு மலைக்கும் இரண்டு முறை நிறுத்தி, பொழுது சாயும் நேரத்தில்தான் அடிவாரம் வந்தோம். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ஆஞ்சியோகிராமில் அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தெருமுனை வரை நடக்கிறான். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நேற்றுதான் அதை விட்டுக்கொடுத்தான்.

மருத்துவர் சொன்னதை உனக்காகவே எழுதுகிறேன். ஏறக்குறைய 6,000 அடி உயரம் யாருக்கும் பெரிய தொல்லை தருவதில்லையாம். விடாத ஏற்றத்தில் இதயம் கூடுதல் இரத்தம் கேட்கிறது, குளிர்காற்றிலோ இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே அடைப்பு உள்ளவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் தாங்காது. உட்கார்ந்ததும் விட்டுவிடுகிற வலியைத்தான் மிகவும் நம்பக் கூடாது என்றார். நானோ அதை நம்பித்தான் அவனை விட்டுவிட்டுப் போனேன். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அதே பாதையில் பலர் இறந்ததைச் செய்தித்தாளில் படித்திருந்தும் போனேன்.

அடுத்த வருடம் நீயும் வருவதாக எழுதியிருக்கிறாய். உனக்குப் பத்து வருடமாக இரத்த அழுத்தம். மாத்திரையை நீ பாதி நாள் மறப்பதை அண்ணி என்னிடம் சொல்லியிருக்கிறார். டிரெட்மில் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையை எனக்கு அனுப்பு. அது வரும்வரை நான் தேதி குறிக்க மாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

பட்டாளத்தானின் தடி என் வீட்டுப் பூஜை அறையில், என் தடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் அவன் அதைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தொலைபேசியில் பேசு. நான் எழுதியது தெரிந்ததாகவே பேசு.

அன்புடன்,
உன் நண்பன்