அகச்சிவப்பு வானியலும் எபாக்சி ஆடியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பற்றிய ஞாயிறு கட்டுரை நன்று. ஆனால் அமெரிக்காவில் அகச்சிவப்பு வானியல் விண்வெளியில் தொடங்கவில்லை. 1960களில் கால்டெக்கின் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) நியூகெபவரும் லைட்டனும் தொலைநோக்கி ஆடிக்காகக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை. தட்டைச் சீராகச் சுழலவிட்டு எபாக்சி என்ற பிசினை ஊற்றினார்கள்; அது பரவளையமாகவே இறுகியது. அகலம் 62 அங்குலம், மேலே அலுமினியப் பூச்சு. சிக்கனம் என்றால் இது! உணரி, திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஈய சல்பைடு. வானமே அகச்சிவப்பில் ஒளிர்வதால் ஆடியை ஆட்டி, பக்கத்துப் பக்கத்து இடங்களின் அளவைக் கழித்தார்கள். கலிபோர்னியாவின் வில்சன் மலையிலிருந்து 2.2 மைக்ரான் அலைநீளத்தில் எடுத்த பட்டியல் 1969ல் வெளியானது. அதில் 5,612 அகச்சிவப்பு மூலங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றுகூட 2.2 மைக்ரானை ஓரளவு ஊடுருவ விடும். 20 மைக்ரானை மறித்துவிடும். 1979ல் நாசா 3 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை ஹவாயின் மௌனா கியா மலையுச்சியில் நிறுவியதற்கு நீராவியும் ஒரு காரணம்.

வானியல் ஆர்வலர்கள்,
கிளமெண்டி